கொலோனின் சின்ன கிளாஸும் பாம்பெர்கின் புகையும்: ஜெர்மனியில் ஊர் ஊராக பீர் குடித்த கதை

கொலோனிலிருந்து டுசல்டார்ஃபுக்கு 40 கிலோமீட்டர் இருக்கும். ரயிலில் அரை மணி நேரம். இரண்டுக்கும் ஒரே ரைன் ஆறுதான். பீர் மட்டும் வேறு. கொலோனில் வைக்கோல் நிறத்தில் கோல்ஷ், டுசல்டார்ஃபில் செம்பு நிறத்தில் ஆல்ட். ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு மற்ற ஊர் பீரைக் கேட்டால் கிடைக்காது; கேட்டதற்குச் சர்வரிடமிருந்து ஒரு நக்கல் மட்டும் நிச்சயம் கிடைக்கும்.

எனக்கு வேலை ஸ்டுட்கார்ட் பக்கம். மனைவியின் அண்ணன் மதுரையிலிருந்து வந்திருந்தார். கோட்டை, மியூசியம் எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. "மாப்ள, உருப்படியா நாலு ஊர் பீரைக் காட்டுங்க, அது போதும்" என்றார். அதுவரை நான் தனியாகவும் அலுவலக நண்பர்களோடும் போய் வந்த இடங்களையெல்லாம் ஒரே சுற்றாகக் கோத்துக்கொண்டு கிளம்பினோம். அந்தச் சுற்றிலும் அதற்கு முன்பும் தெரிந்துகொண்டவை இவை. நல்ல பீர் எது என்ற பட்டியல் இதில் இருக்காது. அந்தந்த ஊர் பீரை அந்த ஊர்க் கடையில், அந்த ஊர் அளவில் குடித்தால்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும் என்பது என் கட்சி.

கொலோனில் முதல் அதிர்ச்சி கிளாஸ்தான். 200 மில்லி. ஒல்லியாக, நேராக இருக்கும், ஷ்டாங்கே என்பார்கள். நம்மூரில் 650 மில்லி பாட்டிலோடு உட்கார்ந்து பழகிய மச்சான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எப்படி மாப்ள தாகம் தீரும்?" என்றார். காலி செய்து கீழே வைத்த மறு நிமிடம் அடுத்தது வந்து நின்றது. நாங்கள் கேட்கவே இல்லை. கொலோன் பீர்க்கடைகளில் நடைமுறையே அதுதான். நீல ஏப்ரன் கட்டிய சர்வருக்கு அங்கே கோபெஸ் என்று பெயர். நடுவில் கைப்பிடி வைத்த வட்டத் தட்டில் நிறைந்த கிளாஸ்களைச் செருகிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார். காலி கிளாஸ் கண்ணில் பட்டால் எடுத்துவிட்டு நிறைந்ததை வைத்து, உங்கள் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த அட்டைதான் பில். அதைத் தொலைக்கக் கூடாது, ஈரத்தில் ஊறவிடக் கூடாது. போதும் என்றால் அட்டையை எடுத்து கிளாஸின் வாயில் மூடிவிட வேண்டும். வாயால் "போதும்" என்று சொல்வதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

கோபெஸ்கள் சிடுசிடுப்பாகப் பேசுவார்கள். அது அந்த வேலையின் ஒரு பகுதி, கோபம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தண்ணீர் கேட்டவரிடம் "சோப்பும் துண்டும் வேண்டுமா?" என்று கேட்பார்கள் என்பது அங்கே பழைய ஜோக்.

சின்ன கிளாஸுக்குக் காரணம் உண்டு. பழைய கடைகளில் கோல்ஷை பீப்பாயிலிருந்து நேராகப் பிடிக்கிறார்கள். கேஸ் அழுத்தம் கொடுப்பதில்லை. குமிழ் குறைவு, நுரை சீக்கிரம் அமர்ந்துவிடும். பெரிய கிளாஸில் ஊற்றினால் பாதியில் செத்துப்போகும். 200 மில்லி என்றால் கடைசி மடக்கு வரை உயிரோடு இருக்கும். கதீட்ரலுக்குப் பக்கத்தில் ஃப்ரூ, ஃப்ரீசன் தெருவில் பெஃப்கன், ஹாய்மார்க்ட் பக்கம் மால்ஸ்மூலே என்று நடந்தே சுற்றலாம். ஃப்ரூவில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். எனக்குப் பிடித்தது பெஃப்கன். கசப்பு ஒரு படி தூக்கலாக இருக்கும். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார் மச்சான். அதுவும் பாதி உண்மைதான். கோல்ஷ் எப்படி இருக்க வேண்டும், யார் அந்தப் பெயரைப் போடலாம் என்று பீர் காய்ச்சும் மதுவாலைகள் கூடி 1986-ல் ஒப்பந்தமே எழுதி வைத்திருக்கின்றன. 1997-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

இங்கே கணக்கு தப்புவது மிக எளிது. கோல்ஷில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. கிளாஸ் சின்னது, வந்துகொண்டே இருக்கும், அட்டையில் விழும் கோடுகளை யாரும் எண்ணுவதில்லை. ஐந்து கோடு போட்டால் ஒரு லிட்டர். வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மெனுவில் ஹால்வர் ஹான் என்று இருப்பதைப் பாதிக் கோழி என்று நினைத்து ஆர்டர் செய்யாதீர்கள். ரை மாவு பன்னும் தடியாக வெட்டிய சீஸும்தான் வரும். சைவக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். கொலோன் கேவியர் என்று இருப்பது ரத்த சாசேஜ். பன்னின் மேல் வெங்காயத்தோடு இளஞ்சிவப்பாகப் பரப்பிக் கொடுக்கும் மெட் என்பது பச்சைப் பன்றிக் கொத்துக்கறி, வேகவைக்காதது. தெரிந்து சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம். மச்சான் தெரிந்தே சாப்பிட்டார், நான் தொடவில்லை.

டுசல்டார்ஃபின் ஆல்ட், கோல்ஷுக்குக் கூடப் பிறந்ததுதான். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இதைச் சொன்னால் பிடிக்காது. இரண்டிலும் மேலே மிதந்து நொதிக்கும் வகை ஈஸ்ட். இரண்டையும் பிறகு குளிரில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஆல்டில் கூடுதலாக வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), அதனால் அந்த நிறம், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் தாராளம். பழைய நகரத்தில் ஊரிகே, ஃபுக்ஸ்ஷென், ஷ்லூசல் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஷூமாகர் மட்டும் கொஞ்சம் தள்ளி. ஊரிகேயின் கசப்பு நாக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு நகராது. நல்ல வெயில் நாளில் கடைக்கு வெளியே தெருவில் நின்றபடி குடிப்பவர்கள்தான் அதிகம். ஜனவரி, அக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய்க்கிழமைகளில் ஊரிகேயில் ஸ்டிக்கே என்று கொஞ்சம் கனமான ஒன்றை விடுகிறார்கள். தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். கோல்ஷா ஆல்டா என்று என்னைக் கேட்டால் ஆல்ட்தான். கொலோனில் இருக்கும்போது மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

பணம் கொடுப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பழைய பீர்க்கடைகள் பலவற்றில் இன்னமும் ரொக்கம்தான். கார்டை நீட்டினால் வாசலைத் தாண்டி ஏடிஎம் இருக்கும் திசையைக் காட்டுவார்கள். டிப்ஸை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து வருவது வழக்கமில்லை. பில் 18 யூரோ 40 சென்ட் என்றால், நோட்டை நீட்டும்போதே "இருபது" என்று சொல்ல வேண்டும்; மீதியை அதற்கேற்பக் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். தண்ணீருக்கும் பாட்டில்தான், சில கடைகளில் பீரைவிடப் பெரிதாக மலிவும் இல்லை. காலி மேஜை என்று தனியாகத் தேடாமல், ஆள் இருக்கும் நீள மேஜையில் இடம் கேட்டு உட்காரலாம்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஷ்டம்டிஷ் என்று பலகை வைத்த மேஜை மட்டும் தவறாமல் வந்துபோகும் பழைய வாடிக்கையாளர்களுக்கானது. அது வெறுமையாகக் கிடந்தாலும் அதில் உட்காரக் கூடாது. கிளாஸை இடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் நுரை சிந்திவிடுமோ என்று கிளாஸையே பார்ப்பார்கள்; ஜெர்மானியர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படும்.

மியூனிக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆறு பெரிய மதுவாலைகள், ஹோஃப்ப்ராய்ஹவுஸ் என்ற பெரிய பீர்க்கூடம், அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர்த் திருவிழா. 2025 அக்டோபர்ஃபெஸ்டில் ஒரு லிட்டரின் விலை 15 யூரோவைச் சுற்றி இருந்தது. அந்தக் கூடாரங்களில் பீரைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் அனுபவிக்க முடியும். மாஸ் எனப்படும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை புகைப்படத்துக்கு அழகு. குடிக்க அவ்வளவு நல்ல பாத்திரமில்லை. கடைசிக் கால் பங்கு சூடாகி, சப்பென்று ஆகிவிடும். வேகமாகக் குடிப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை, எனக்கு அந்த வேகம் கிடையாது. ஹெல்லஸ் என்ற அந்த வெளிர் பீர் நல்ல பீர், குறிப்பாக அகஸ்டினர் மதுவாலையின் கடைகளில் மரப் பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுப்பது. அரை லிட்டரில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கூட்டமான நேரத்தில் சில தோட்டங்களில் பெரியது மட்டும்தான் தருவார்கள்.

ஆனாலும் மியூனிக்கின் பீர்த் தோட்டம் நமக்கென்றே செய்தது. சொந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம்! இதற்குப் பின்னால் ஒரு பழைய தகராறு இருக்கிறது. மியூனிக் இருக்கும் பவேரியாவில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. வெப்பத்தில் பீர் கெட்டுவிடும், அடுப்பால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலத்தடி அறைகளில் வைத்தார்கள். மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மக்கள் அங்கேயே வந்து குடிக்கத் தொடங்கியதும் ஊருக்குள் கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் போச்சென்று கூப்பாடு போட்டார்கள். 1812-ல் மன்னர் மாக்ஸ் முதலாம் ஜோசஃப் ஒரு சமரசம் செய்தார்: மதுவாலைகள் தங்கள் பீரை அங்கே விற்கலாம், ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது. சாப்பாடு வேண்டியவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். உணவு விற்கும் தடை எப்போதோ போய்விட்டது, கொண்டுவரும் உரிமை மட்டும் நிற்கிறது. 1995-ல் ஒரு தோட்டத்தை இரவு ஒன்பதரைக்கே மூடச் சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள் என்றால் இந்த விஷயத்தில் அவர்களுக்குள்ள பிடிமானம் புரியும்.

மேஜைவிரிப்பு போட்ட மேஜைகளில் சர்வர் வருவார், அங்கே வீட்டுச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது. விரிப்பில்லாத மர மேஜைகள் நம்முடையவை. பீரை நாமே போய் வாங்கிவர வேண்டும். பானத்தை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. பல இடங்களில் குவளைக்கு முன்பணம் பிடித்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். ஹிர்ஷ்கார்ட்டனில் 8,000 பேர் உட்காரலாம். நாங்கள் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரித்து வைத்தோம். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் சொந்தமாகக் கட்டம்போட்ட விரிப்பு, மரப்பலகை, முள்ளங்கி, சீஸ் எல்லாம் கொண்டுவந்து கடை பரப்பியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, சுருள் சுருளாகச் சீவி உப்புப் போட்ட வெள்ளை முள்ளங்கியை எங்கள் பக்கம் தள்ளினார். மச்சான் அதன் பிறகு எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முள்ளங்கி இருக்கிறதா என்றுதான் கேட்டார். அவ்வளவு பொருத்தம். குடிக்காத உறவினர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகக்கூடிய ஒரே பீர் இடம் இதுதான் என்பேன். ஆல்கஹால் நீக்கிய வைஸ்பியர் என்ற கோதுமை பீர் பெரும்பாலான தோட்டங்களில் கிடைக்கும், அதைக் குடிப்பவரை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. ஆனால் "ஆல்கஹால் இல்லாத" என்ற பெயரில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். முழுக்கத் தவிர்ப்பவர்கள் 0.0 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தச் சுற்றில் மனசு நின்றது பாம்பெர்கில். நியூரம்பெர்கிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். பழைய நகரம் 1993-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது; ஆற்றின் நடுவே பழைய நகராட்சி மண்டபம், குன்றின் மேல் கதீட்ரல். அந்தக் கதீட்ரலுக்குக் கீழே டொமினிகன் தெருவில் ஷ்லெங்கர்லா என்ற பீர்க்கடை. கதவைத் திறப்பதற்கு முன்பே புகை வாசனை வரும்.

முளைகட்டிய பார்லியை உலர்த்த வேண்டும்; ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் விறகுத் தீயின் மேல்தான் உலர்த்தினார்கள். அப்போது எல்லா பீரிலும் கொஞ்சம் புகை இருந்திருக்கும். பிறகு புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் உலைகள் வந்தன, உலகம் மாறிக்கொண்டது. பாம்பெர்கில் ஷ்லெங்கர்லாவும், ஸ்பெட்சியால் என்ற இன்னொரு மதுவாலையும் மாறவில்லை. இன்றும் பீச் மரக்கட்டையை எரித்து, அந்தப் புகையிலேயே சொந்த மால்ட்டை உலர்த்துகிறார்கள். ஷ்லெங்கர்லாவின் மேர்சென் என்ற புகை பீர் கிட்டத்தட்டக் கறுப்பு, 5.1 சதவீதம், மரப் பீப்பாயிலிருந்து பிடித்து அரை லிட்டரில் வரும்.

முதல் மடக்கில் புகையில் வாட்டிய பன்றியிறைச்சி வாசனை மூக்கில் ஏறும். மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "மாப்ள, இதுல கறியைப் போட்டு எடுத்திருக்கானா?" முதல் மடக்கில் வினோதமாகத் தோன்றினாலும் நிறுத்தாதே, தாகம் குறையாது, இன்பம் கூடும் என்ற பொருளில் கடையின் அட்டையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்றாவது கிளாஸில்தான் பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் இரண்டாவதின் பாதியிலேயே நடந்துவிடுகிறது. மூக்கு புகைக்குப் பழகிவிடும், அடியிலிருக்கும் மால்ட்டின் இனிப்பும் கசப்பும் மெதுவாக மேலே வரும். கூட ஏதாவது சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் இதைத் தொடங்கினால் புகை குமட்டும். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் கொத்துக்கறி திணித்து பீர் சாஸில் தரும் பாம்பெர்க் வெங்காயத்தைக் கேளுங்கள்.

புகை வேண்டாம் என்று பயப்படுபவர்கள் ஷ்லெங்கர்லாவின் ஹெல்லஸில் ஆரம்பிக்கலாம். அதில் புகை மால்ட் போடுவதே இல்லை. அதே பாத்திரங்களும் அதே ஈஸ்டும் புழங்குவதால் லேசான புகை மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட நல்ல வழி, ரயிலடிப் பக்கம் ஓபரே கோனிக்ஸ் தெருவிலிருக்கும் ஸ்பெட்சியாலில் தொடங்குவது. 1536-லிருந்து இருக்கும் கடை. புகை மென்மையாக இருக்கும், விலையும் பெருநகரங்களைவிடக் குறைவு, மேலே தங்க அறைகளும் உண்டு. நேர் எதிரே ஃபெஸ்லா என்று இன்னொரு மதுவாலை. தெருவைக் கடந்தால் புகையே இல்லாத பீர். வெயில் காலத்தில் மாலை ஆனதும் உள்ளூர்க்காரர்கள் குன்றேறி கெல்லர்களுக்குப் போய்விடுவார்கள். பீர் வைக்கக் குன்றைக் குடைந்த நிலவறைகளின் மேலேயே பெஞ்சு போட்டிருக்கும். ஸ்பெட்சியால்கெல்லரிலிருந்து பார்த்தால் கதீட்ரலின் நான்கு கோபுரங்களும் தெரியும். மழை வந்தால் பல கெல்லர்கள் திறக்காது என்பதால் வானிலை பார்த்துவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, ஷ்லெங்கர்லாவுக்குள் போட்டுக்கொண்டு போன சட்டையைப் பெட்டியில் மற்றத் துணியோடு மடித்து வைக்காதீர்கள்.

லைப்சிக்குக்குப் போவதற்குக் காரணம் கோஸே. கோதுமை மால்ட் சேர்ந்த, புளித்த, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட பீர். 1516-ல் இங்கோல்ஷ்டாட்டில் போட்ட பவேரியச் சட்டப்படி பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது. கோஸே அந்தச் சட்டத்துக்கு எங்கிருந்தோ வந்த விருந்தாளி. வட்டாரச் சிறப்பு என்று விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1960-களில் காய்ச்சுவதே நின்றுபோய், 1980-களில் கோலிஸ் பகுதியிலிருக்கும் ஓனே பெடெங்கன் கடை மூலம் திரும்ப வந்தது. இப்போது 1842-ல் திறந்த பழைய பவேரிய ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மதுவாலை அதைக் காய்ச்சுகிறது. முதல் முறை குடிக்கும் ஐரோப்பியர்கள் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை: கோடையில் மல்லித்தழை கிள்ளிப்போட்ட நீர்மோரைக் குடித்து வளர்ந்த நாக்கு இதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறது. அந்தச் சுற்றில் மச்சான் விளக்கம் எதுவும் கேட்காமல் குடித்த ஒரே பீர் இதுதான். பழச் சிரப் கலக்கட்டுமா என்று கேட்பார்கள். முதல் கிளாஸை அப்படியே குடித்துப் பாருங்கள்.

பெர்லினின் வைஸ்ஸே என்பதும் புளிப்பு பீர்தான். கடைகளில் அதைச் சிவப்பு அல்லது பச்சை சிரப் ஊற்றி, அகன்ற கிண்ணத்தில் தருகிறார்கள். எனக்கு அது ஷர்பத். பெர்லினில் இரவெல்லாம் திறந்திருக்கும் பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிக் கால்வாய்க் கரையில் உட்காருவது அதைவிட மேல். தெருவில் குடிப்பது பொதுவாகக் குற்றமில்லை, ஆனால் பெர்லின் மெட்ரோவில் கூடாது, ஹாம்பர்க் நகர ரயில், பஸ்களிலும் கூடாது. காலி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கம்பிப் பூட்டு மூடி வைத்த பாட்டிலுக்கு 15, டின்னுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். சூப்பர்மார்க்கெட் மெஷினில் போடலாம். போட மனமில்லையென்றால் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பது அங்கே வழக்கம். அதைச் சேகரித்துச் செலவைச் சமாளிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

வண்டி வேண்டாம். ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.5 பங்கு என்பது பொது வரம்பு. தடுமாறி ஓட்டினால் 0.3-லேயே சிக்கலாம், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் பூஜ்யம். சைக்கிள்தானே என்று ஏறினாலும் 1.6-ல் குற்ற வழக்கு. ரயிலே போதும். பவேரியாவுக்குள் பல பேர் சேர்ந்து போனால் பயர்ன் டிக்கெட் மலிவு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், வேலை நாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து மறுநாள் விடியற்காலை மூன்று வரை உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். நாடு முழுக்கச் சுற்றுவதென்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட், 2025-ல் மாதம் 58 யூரோ. அது சந்தா. நிறுத்த வேண்டிய மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போய்விடும்.

நாள் குறைவாக இருப்பவர்கள் மியூனிக்கை ஒரு மாலையோடு முடித்துக்கொண்டு பாம்பெர்கில் இரண்டு இரவு தங்குங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்தால் ஷ்லெங்கர்லாவில் உட்கார இடம் கிடைக்கும். பாம்பெர்க் இருக்கும் ஃபிராங்கோனிய வட்டாரத்துக் கடைகளுக்கு வார ஓய்வு நாள் உண்டு, அது கடைக்குக் கடை மாறும் என்பதால் அறை பதிவு செய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.